குழந்தைக்கு இன்னும் பேச்சு வரவில்லையா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும் தாயின் முகத்தில் பயம் இருக்கும். நான்கரை வயதுக் குழந்தையைக் கைப்பிடித்து அழைத்து வரும் தாயின் முகத்தில் பயத்தோடு குற்ற உணர்வும் சேர்ந்திருக்கும். "அப்போதே வந்திருக்க வேண்டும், தானாக வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். பேச்சு, மொழிப் பயிற்சி அளிக்கும் என் அறையில் இந்த இரண்டு காட்சிகளையும் வாரந்தோறும் பார்க்கிறேன். இரண்டாவது காட்சி குறைய வேண்டும் என்ற ஆசையில்தான் இதை எழுதுகிறேன். பிறந்தது முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளைப் பற்றிப் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் என்னிடம் கேட்பவையே இந்தக் கேள்விகள்.

எந்த வயதில் எவ்வளவு பேச வேண்டும்?

2, 3 மாதங்களில் "ஆ", "ஊ" என்று குரல் கொடுக்கத் தொடங்கும். 6 முதல் 9 மாதங்களுக்குள் "பாபாபா", "மாமாமா" என்று ஒலிகளை அடுக்கும். ஒரு வயதை ஒட்டிப் பொருளோடு கூடிய முதல் சொல் வரும். ஒன்றரை வயதில் பத்துச் சொற்களாவது இருந்தால் நிம்மதி. இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா", "மாமா எங்கே" என்று இரண்டு சொற்களைச் சேர்க்க வேண்டும். மூன்று வயதில் சின்னச் சின்ன வாக்கியங்கள் வரும். அந்த வயதுக் குழந்தை சொல்வதில் முக்கால் பங்காவது வெளி ஆளுக்குப் புரிய வேண்டும். நான்கு வயதில் ஏறக்குறைய எல்லாமே புரிய வேண்டும்.

இரண்டு வயதில் 50 சொற்கள் வேண்டும் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் (சி.டி.சி.) 2022-இல் தன் பட்டியலைத் திருத்தியபோது, நூற்றுக்கு 75 குழந்தைகளாவது எட்டிவிடும் வயதை அளவுகோலாக வைத்தது. அதன்படி 50 சொற்கள் என்பது 30 மாதத்துக்குப் போய்விட்டது. ஆகவே இரண்டு வயதில் 40 சொற்கள்தான் இருக்கின்றன என்பதற்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். ஆனால் இரண்டு சொற்களைச் சேர்ப்பது 24 மாதத்தில் வர வேண்டும் என்பதை அந்தப் பட்டியலும் மாற்றவில்லை.

சொற்களை எண்ணும்போது நம் வீடுகளில் ஒரு தவறு நடக்கிறது. "மம்மு", "இங்கா", "தாச்சி", "டாட்டா" போன்றவற்றையும், மாட்டைப் பார்த்து "ம்மா" என்பதையும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரே பொருளுக்கு ஒரே ஒலியை ஒவ்வொரு முறையும் சொன்னால் அது சொல்தான். தமிழுக்கென்று ஒரு தனித்தன்மையும் உண்டு. "வரமாட்டேன்" என்று குழந்தை ஒரே சொல்லாகச் சொல்வது ஆங்கிலத்தில் மூன்று சொற்களுக்குச் சமம். "பாப்பாவுக்கு", "அம்மாவோடு" என்று உருபுகளை ஒட்டத் தொடங்கிவிட்டதா என்பதையும் பாருங்கள். ஆங்கிலப் பட்டியலை வைத்துச் சொல்லை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இந்த வளர்ச்சி கண்ணில் படாது.

உடனே காட்ட வேண்டிய அறிகுறிகள் உண்டா?

உண்டு. ஒரு வயதாகியும் ஒலிகளை அடுக்கவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை, கையசைத்து விடைகொடுப்பது போன்ற எந்தச் சைகையும் இல்லை என்றால் காட்டுங்கள். ஒன்றரை வயதாகியும் வேண்டிய பொருளை விரல் நீட்டிக் காட்டவில்லை, ஒரு சொல்கூட இல்லை என்றாலும் அப்படியே. எல்லாவற்றையும்விட முக்கியமானது, வந்த பேச்சு நின்றுபோவது. "ஒன்றேகால் வயதில் அம்மா, அப்பா, தாத்தா எல்லாம் சொன்னான், இப்போது எதுவும் சொல்வதில்லை" என்று ஒரு தாய் சொன்னால் நான் காத்திருக்கச் சொல்வதில்லை. பல் முளைக்கிறது, ஊருக்குப் போய் வந்தோம், தம்பி பிறந்தான் என்றெல்லாம் காரணம் தேடாமல் அந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

பேச்சுத் தாமதம், மொழித் தாமதம் என்று இரண்டு விதமாகச் சொல்கிறார்களே, என்ன வேறுபாடு?

பேச்சு வாயிலிருந்து வரும் ஒலி. மொழி என்பது புரிந்துகொள்வதும் சொல்ல நினைப்பதைச் சொல்லாக்குவதும். நிறையப் பேசியும் ஒலி தெளிவில்லாத குழந்தைக்குப் பேச்சில் சிக்கல். தெளிவாகப் பத்துச் சொற்கள் சொல்லியும் அதற்குமேல் நகராத குழந்தைக்கு மொழியில் சிக்கல். நாம் சொல்வதைப் புரிந்துகொள்ளாத குழந்தைக்குத்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

எங்கள் குழந்தைக்கு எல்லாம் புரிகிறது, பேச்சுதான் வரவில்லை. இது சரிதானே?

என்னிடம் வரும் பத்துக் குடும்பங்களில் எட்டுக் குடும்பமாவது இப்படித்தான் சொல்கிறது. பாதி நேரம் அது சரியாக இருப்பதில்லை. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. நாம் பேசும்போது கையும் கண்ணும் சேர்ந்தே பேசுகின்றன.

ஒரு முறை ஓர் அப்பா, "செருப்பை எடுத்து வா என்றால் எடுத்து வருவான், பாருங்கள்" என்று சொல்லிவிட்டுச் செய்தும் காட்டினார். குழந்தை எழுந்து கதவோரம் போய்ச் செருப்பை எடுத்து வந்தான். அந்த அப்பா சொல்லும்போதே கதவைப் பார்த்தார், கையால் சட்டைப்பையில் வண்டிச் சாவியைத் தொட்டார், நாற்காலியிலிருந்து பாதி எழுந்தும்விட்டார். குழந்தை அதைத்தான் படித்தான். அடுத்து நான் அவரை உட்கார வைத்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்து, "பந்தை அம்மாவிடம் கொடு" என்று சொல்லச் சொன்னேன். பந்து அவன் காலடியிலேயே கிடந்தது. குழந்தை சிரித்தான், எழுந்தான், மறுபடியும் செருப்பை எடுத்து வந்தான்.

வீட்டில் நீங்களே இப்படிச் சோதிக்கலாம். வழக்கமான நேரத்தில் வழக்கமான வேலையைச் சொல்லாதீர்கள். குளிக்கும் நேரத்தில் "துண்டு எடுத்து வா" என்றால் துண்டுதான் வரும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பொருளைப் பார்க்காமல், விரல் நீட்டாமல் கேளுங்கள். ஒன்றரை வயதுக் குழந்தை ஒரு படி உள்ள வேலையைச் செய்ய வேண்டும். இரண்டரை வயதில் "டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டுப் பந்தைக் கொண்டு வா" என்று இரண்டு படி சொன்னாலும் செய்ய வேண்டும். நன்றாகப் புரிந்துகொண்டு, சைகையும் நிறையச் செய்து, சொல் மட்டும் குறைவாக இருக்கும் குழந்தை எட்டிப்பிடிக்கும் வாய்ப்பு அதிகம்.

"அவன் அப்பாவும் நான்கு வயதில்தான் பேசினான்" என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?

வீட்டில் ஒருவர் தாமதமாகப் பேசியது ஆறுதலுக்கான சான்று அல்ல. அது ஆபத்தைக் கூட்டும் ஒரு காரணி. பேச்சு, மொழிச் சிக்கல்கள் குடும்பவழியாக வருவது நன்றாகத் தெரிந்த விஷயம். ஆகவே அப்பாவுக்கு அப்படி இருந்ததென்றால் மகனை இன்னும் முன்னதாகப் பார்க்க வேண்டும். தாமதமாகப் பேசிய அப்பாக்களிடமே தனியாகக் கேட்டிருக்கிறேன். பள்ளியில் படிக்கத் திணறியதையும், வகுப்பில் எழுந்து பேசக் கூசியதையும் சிலர் சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் சமாளித்துத்தான் வந்திருக்கிறார்கள், ஆனால் யாராவது உதவியிருக்கலாம்.

காத்திருப்பவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இரண்டு வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை தாமதமாகப் பேசுகின்றன. காதும் மற்ற வளர்ச்சியும் சரியாக உள்ள இந்தக் குழந்தைகளில் பாதிக்கும் மேல் பள்ளி வயதுக்குள் தாமாகவே எட்டிப்பிடித்துவிடுகின்றன. மீதியுள்ளவற்றில் பலவற்றுக்குச் சிக்கல் நீடிக்கிறது. வேறு காரணம் எதுவும் இல்லாமல் மொழி மட்டும் பின்தங்கும் நிலைக்கு வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்று பெயர். இங்கிலாந்தின் உளவியலாளர் டோரதி பிஷப் தலைமையில் பல நாட்டு நிபுணர்கள் கூடி 2017-இல் உறுதிசெய்த பெயர் இது. நூறு குழந்தைகளில் ஏறக்குறைய 7 பேருக்கு இது உண்டு. ஆட்டிசத்தைவிடப் பல மடங்கு அதிகம், ஆனால் நம் ஊரில் பெயர்கூடத் தெரியாது. "மந்தமான பிள்ளை", "கவனமில்லாத பிள்ளை" என்று முத்திரை விழுந்த பல பிள்ளைகளுக்கு உண்மையில் இருந்தது இதுதான்.

தன்னால் தேறப்போகும் குழந்தை எது, தேறாத குழந்தை எது என்று இரண்டு வயதில் யாராலும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறேன். தேவையில்லாமல் ஆறு மாதம் பயிற்சிக்கு வந்த குழந்தைக்கு எந்த நட்டமும் இல்லை.

முதலில் எந்த மருத்துவரிடம் போவது?

குழந்தை மருத்துவர், பிறகு காது. பேச்சுப் பயிற்சிக்குப் போகும் முன் செவித்திறன் பரிசோதனை கட்டாயம். இதை விட்டுவிட்டுத் தொடங்கும் பயிற்சியை நான் ஏற்பதில்லை.

"கூப்பிட்டால் திரும்புகிறானே, பாத்திரம் விழுந்தால் திடுக்கிடுகிறானே, காதில் என்ன கோளாறு இருக்கும்" என்று கேட்பார்கள். பாத்திரம் விழும் சத்தம் வேறு, பேச்சு வேறு. மிதமான செவிக்குறை உள்ள குழந்தை கதவு சாத்தும் சத்தத்தையும் லாரி ஹாரனையும் கேட்கும். "பசி", "சட்டை", "காசு" என்ற சொற்களில் வரும் மெல்லிய ஒலிகள் காதில் விழாது. அந்தக் குழந்தைக்கு நம் பேச்சு அடுத்த அறை வானொலிபோல ஏதோ முணுமுணுப்பாகத்தான் கேட்கும். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும் குழந்தைகளுக்கும் செவித்திறன் ஏறி இறங்கும். ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், மறுவாரம் கேட்காது. வீட்டில் இருப்பவர்கள் "பிடிவாதம்" என்று நினைத்துக்கொள்வார்கள்.

பச்சிளங்குழந்தைக்குச் செய்வது ஓ.ஏ.இ. என்ற பரிசோதனை, காதில் சிறு குமிழை வைத்து ஒரு சில நிமிடங்களில் முடியும். பெரா என்பது குழந்தை தூங்கும்போது தலையில் மின்முனை ஒட்டி, ஒலி நரம்பு வழியே மூளைத்தண்டுவரை போகிறதா என்று பார்ப்பது. வலி எதுவும் இல்லை. பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குதல் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட கணக்கு. பிறந்தவுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை, மஞ்சள்காமாலை கடுமையாக வந்த குழந்தை, மூளைக்காய்ச்சல் வந்த குழந்தை ஆகியோருக்கு ஓ.ஏ.இ. மட்டும் போதாது, பெராவும் கேளுங்கள். சொந்தத்துக்குள் திருமணம் நடந்த குடும்பங்களில் பிறவிச் செவிக்குறை வரும் வாய்ப்பு கூடுதல் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் குழந்தைக்குச் செவிக்குறை இருந்தால் அடுத்த குழந்தையின் காதைப் பிறந்த வாரத்திலேயே பாருங்கள்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் (உட்காதில் பொருத்தும் கேட்புக் கருவி) அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. ஆறு வயதுவரை நேரம் இருக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. ஒரு வயதை ஒட்டிச் செய்துகொண்ட குழந்தையும் ஐந்து வயதில் செய்துகொண்ட குழந்தையும் பேச்சில் எட்டும் உயரம் ஒன்றாக இருக்காது.

நாக்கு ஒட்டியிருப்பதால் பேசவில்லையோ? வசம்பு வைத்தால் பேச்சு வருமா?

நாக்கின் அடியில் உள்ள சவ்வு குட்டையாக இருந்தால் தாய்ப்பால் குடிப்பதில் சிரமம் வரலாம், சில குழந்தைகளுக்கு "ல", "ர" போன்ற ஒலிகளில் தெளிவு குறையலாம். பேச்சே வராமல் போவதற்கு அது காரணமில்லை. "ம்", "ப்" எல்லாம் உதட்டில் பிறப்பவை. நாக்கு ஒட்டியிருந்தாலும் "அம்மா" வரும். பேசாத இரண்டு வயதுக் குழந்தைக்கு நாக்கைத் தளர்த்தும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, பேச்சு வரும் வரும் என்று ஒரு வருடத்தைக் கழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வருடம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். சுட்டுக் கரியாக்கி நாக்கில் தடவினால் பேச்சுத் தெளியும் என்பது பல வீடுகளில் நம்பிக்கை. அதில் பீட்டா ஆசரோன் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் 1968-இலேயே உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்துவிட்டார்கள். கையில் வளையமாகக் கட்டிவிடுங்கள், வாயில் வேண்டாம். தேன் தடவுவது ஒரு வயதுக்குள் கூடவே கூடாது. அதிலிருக்கக்கூடிய கிருமி வித்துகள் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயைக் கொண்டுவரலாம். கழுதைப் பால் சங்கில் ஊற்றினால் குரல் தெளியும் என்று தெருவில் ஓட்டி வருவார்கள். காய்ச்சாத பால், எந்த விலங்கினுடையதாக இருந்தாலும் பச்சைக் குழந்தைக்கு ஆபத்து.

கோயிலுக்கு நேர்ந்துகொள்வதை நான் ஒருபோதும் தடுத்ததில்லை. அதே வாரம் காதையும் பரிசோதித்துவிடுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

பேச்சு வருவதற்கு மருந்து, டானிக் இருக்கிறதா?

இல்லை. மூளை வளர்ச்சிக்கு என்று விற்கும் எந்தச் சிரப்பும் பேச்சைக் கொண்டுவராது. வலிப்பு, தைராய்டு குறைபாடு, இரும்புச்சத்துக் குறைவு போன்றவை இருந்தால் அவற்றுக்கு மருந்து தேவை, அது வேறு. பேசாத குழந்தையை மெழுகுவத்தி ஊதவும் நாக்கை மேலும் கீழும் ஆட்டவும் வைக்கும் பயிற்சிகளாலும் சொல் வராது.

செல்போன்தான் காரணமா?

பேச்சுத் தாமதம் செல்போனுக்கு முன்பும் இருந்தது. ஆகவே எல்லாவற்றுக்கும் போனைக் காரணம் காட்டி, போனைப் பிடுங்கிவிட்டால் பேச்சு வந்துவிடும் என்று நம்பிச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அதே சமயம், போனுக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். குழந்தை பேச்சைக் கற்பது பதிலிலிருந்து. அது "காக்கா" என்றால் நீங்கள் திரும்பிப் பார்த்து "ஆமாம், காக்கா பறக்கிறது" என்கிறீர்கள். இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் மொழி. திரை பேசிக்கொண்டே இருக்கும், பதில் சொல்லாது. எண்களையும் ஆங்கில எழுத்துகளையும் வண்ணங்களையும் ஒப்பிக்கும் மூன்று வயதுக் குழந்தை, தாகம் எடுத்தால் "தண்ணீர்" என்று கேட்கத் தெரியாமல் அம்மாவின் கையைப் பிடித்து இழுப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 5 வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவ அகாடமியின் வழிகாட்டுதல். வெளியூரில் இருக்கும் அப்பாவோடு வீடியோ அழைப்பில் பேசுவது இதில் சேராது. அங்கே பதில் வருகிறது. நிறுத்துவதென்றால் முதலில் சாப்பாட்டு வேளையிலிருந்து தொடங்குங்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு அரை மணி நேரம் என்றால் ஒன்றரை மணி நேரப் பேச்சைப் போன் விழுங்கிக்கொண்டிருக்கிறது. முதல் நான்கைந்து நாட்கள் குழந்தை சரியாகச் சாப்பிடாது, அழும். அதற்குத் தயாராகிக்கொண்டு இறங்குங்கள்.

இது ஆட்டிசமாக இருக்குமோ?

இந்தக் கேள்வியைப் பலர் வாய்விட்டுக் கேட்பதில்லை, எழுந்து போகும்போது கதவருகே நின்று கேட்பார்கள். பேச்சுத் தாமதம் உள்ள எல்லாக் குழந்தைக்கும் ஆட்டிசம் இல்லை. நான் சொல்லின் எண்ணிக்கையைப் பார்க்காமல் விரலைப் பார்ப்பேன். வானத்தில் விமானம் போனால் குழந்தை அண்ணாந்து பார்த்து, விரல் நீட்டி, பிறகு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? "நீயும் பார்த்தாயா" என்ற அந்தத் திரும்பல் மிக முக்கியம். வேண்டியதைக் கேட்க மட்டும் விரல் நீட்டுவது போதாது, பகிர்ந்துகொள்ளவும் நீட்ட வேண்டும். பெயர் சொன்னால் திரும்பாமை, உங்கள் கையை ஒரு கருவிபோலப் பிடித்துக்கொண்டு போய்ப் பொருள்மேல் வைப்பது, கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்வது, பொம்மை வண்டியை ஓட்டாமல் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருப்பது ஆகியவை சேர்ந்து தெரிந்தால் வளர்ச்சிசார் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு எம்-சாட் என்ற கேள்விப் பட்டியல் இருக்கிறது, தமிழிலும் உண்டு. அது சல்லடைதான், முடிவு அல்ல.

முடிவு வரும்வரை பயிற்சியை நிறுத்திவைக்காதீர்கள். பெயர் எதுவானாலும் குழந்தைக்கு இன்று தேவையான உதவி ஏறக்குறைய ஒன்றுதான்.

வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி. குழந்தை குழம்பிவிட்டதா?

இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் ஏற்படுவதில்லை. மதுரையில் சௌராஷ்டிரமும் தமிழும், ஓசூரில் தெலுங்கும் கன்னடமும் தமிழும், ஆம்பூரில் உருதும் தமிழும் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. இரண்டு மொழிக் குழந்தையின் சொற்களை எண்ணும்போது இரண்டையும் கூட்டி எண்ண வேண்டும், அவ்வளவுதான்.

வேதனை தருவது வேறொன்று. "வீட்டில் ஆங்கிலத்திலேயே பேசுங்கள்" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள் என்று, ஆங்கிலம் சரளமாக வராத அம்மா, "கம் பேபி, சிட் பேபி" என்ற ஏழெட்டுக் கட்டளைகளோடு குழந்தையிடம் பேச்சை முடித்துக்கொள்கிறார். அந்த அம்மாவுக்குத் தமிழில் கொஞ்சத் தெரியும், கதை சொல்லத் தெரியும், கோபிக்கத் தெரியும். அத்தனையும் அந்தக் குழந்தைக்குக் கிடைக்காமல் போகிறது. உங்களுக்குக் கனவு வரும் மொழியில் குழந்தையோடு பேசுங்கள். துபாயிலும் சிங்கப்பூரிலும் லண்டனிலும் இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.

படப் புத்தகம் வாசிப்பவர்களுக்கு ஒரு சொல்: அச்சில் இருக்கும் எழுத்துத் தமிழை அப்படியே படிக்காதீர்கள். பேசத் தொடங்கும் குழந்தைக்கு வீட்டில் பேசும் தமிழ்தான் முதல் மொழி. படத்தைப் பார்த்து உங்கள் பேச்சு வழக்கில் சொல்லுங்கள். எழுத்துத் தமிழ் நான்கு, ஐந்து வயதில் கதைகளின் வழியே வந்து சேரும்.

வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஒன்றை நிறுத்துங்கள். "சொல்லு, அம்மா சொல்லு, அத்தை கேட்கிறாள் பார், சொல்லு" என்று பேசச் சொல்லிக் கெஞ்சுவதும் மிரட்டுவதும் வேண்டாம். விருந்தாளி முன்னால் அது குழந்தைக்குப் பரீட்சை. பரீட்சைக்குப் பயந்த குழந்தை இருக்கிற நான்கு சொல்லையும் விழுங்கிவிடும்.

பிறகு, செய்வதையெல்லாம் சொல்லுங்கள், சின்ன வாக்கியங்களில். சட்டை போடும்போது "கை எங்கே? கை வந்துவிட்டது" என்பது போதும். குழந்தை ஒரு சொல் சொன்னால் நீங்கள் ஒரு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். அது "பால்" என்றால் நீங்கள் "சூடான பால்" என்று சொல்லுங்கள். தவறாகச் சொன்னால் திருத்தாதீர்கள், சரியான வடிவம் அதன் காதில் விழும்படி இயல்பாகச் சொல்லிவிட்டுப் போங்கள். கேட்கும் முன்பே எல்லாவற்றையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். பிஸ்கட் டப்பாவை மூடியபடி கொடுத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும்வரை இருங்கள்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது சும்மா இருப்பது. ஒன்றைச் சொல்லிவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள், முடிந்தால் பத்து. பேசத் திணறும் குழந்தைக்கு அந்த நேரம் தேவை. நாம் இரண்டு விநாடிகூடப் பொறுப்பதில்லை.

இதற்கு நான் சொல்லித்தரும் கருவி, உள்ளங்கையில் பருப்புக் கடையும் பழைய விளையாட்டு. குழந்தையின் உள்ளங்கையில் உங்கள் முழங்கையை வைத்துக் கடைகிறீர்கள். "அம்மாவுக்குக் கொஞ்சம், அப்பாவுக்குக் கொஞ்சம்" என்று ஒவ்வொரு விரலாக மடக்குகிறீர்கள். பிறகு இரண்டு விரல்கள் நண்டாகி மணிக்கட்டிலிருந்து மேலே ஊர்ந்து, அக்குளில் போய்க் கிச்சுகிச்சு மூட்டும். நான்கைந்து நாள் அப்படியே விளையாடுங்கள். ஆறாவது நாள் முழங்கை மடிப்பு வரை நண்டு வந்ததும் விரல்களை நிறுத்திவிட்டுக் குழந்தையின் கண்ணைப் பாருங்கள். தோள் குறுகும், சிரிப்பு முட்டும், மூச்சு நிற்கும். அந்த இடைவெளியில் ஒரு "ம்" வரும், அல்லது ஒரு பார்வை, அல்லது உங்கள் விரலை மேலே தள்ளும் சின்னக் கை. எது வந்தாலும் அதைப் பேச்சாக ஏற்றுக்கொண்டு நண்டை ஓட விடுங்கள். தன் குரலுக்கு ஒரு விளைவு உண்டு என்று குழந்தை அங்கேதான் கற்கிறது. பயிற்சி அறையில் விலையுயர்ந்த பொம்மைகளை வைத்துக்கொண்டு நாங்கள் செய்வதும் இதைத்தான்.

"காக்கா"வைத் "தாத்தா" என்கிறாள், "ரயில்" என்பது "லயில்" ஆகிறது. பயிற்சி வேண்டுமா?

வயதைப் பொறுத்தது. "க" வரவேண்டிய இடத்தில் "த" வருவது மூன்று வயதில் இயல்பு. நான்கு வயதைத் தாண்டியும் இருந்தால் காட்டுங்கள். "ர", "ழ" இரண்டும் கடைசியில் வருபவை. "பழம்" என்பதற்கு "பயம்" என்றோ "பளம்" என்றோ நான்கு வயதுக் குழந்தை சொன்னால் கவலை வேண்டாம். பெரியவர்கள் பலருக்கே வராத ஒலி அது. வீட்டில் யாரும் ழகரம் சொல்லாதபோது குழந்தை எங்கிருந்து எடுக்கும்? குரல் மூக்கால் வருவதுபோல இருந்தால் மட்டும் வயதைப் பார்க்காமல் அண்ணத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். வெளியே தெரியாத அண்ணப்பிளவு இருக்கலாம்.

நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவன் மூன்று வயதில் திக்குகிறான். என்ன செய்வது?

திக்கல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள்தான் தொடங்கும், நான்கில் மூன்று குழந்தைகளுக்கு மேல் சரியாகிவிடும். "நிறுத்தி நிதானமாகச் சொல்" என்று சொல்லாதீர்கள். நீங்கள் நிதானமாகப் பேசுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது திக்கல் இருந்தாலோ, பேசும்போது முகம் இறுகினாலோ பயிற்சியாளரைப் பாருங்கள்.

பள்ளியில் சேர்த்தால் மற்ற பிள்ளைகளைப் பார்த்துப் பேசிவிடுவானா?

சில குழந்தைகளுக்குப் பள்ளி உதவும். காது கேட்காத குழந்தைக்கும், சொல்வது புரியாத குழந்தைக்கும் நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பறை இன்னும் கடினமான இடம். பரிசோதனையை முடித்துவிட்டுப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள்.

சைகையும் படமும் காட்டிப் பழக்கினால் சோம்பேறியாகிப் பேசாமலே இருந்துவிடுவானோ?

இல்லை. பேசக்கூடிய குழந்தை பேச்சைத்தான் தேர்ந்தெடுக்கும், ஏனென்றால் அதுதான் எளிது. சைகையோ பட அட்டையோ கிடைத்த குழந்தைக்கு அழுகையும் கடிப்பதும் அடிப்பதும் குறைவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்த பிறகுதான் பல குழந்தைகள் வாயைத் திறக்கின்றன. "சோம்பேறித்தனத்தால் பேசவில்லை" என்ற நோய் கிடையாது.

செலவு செய்ய முடியாத குடும்பங்கள் எங்கே போவது?

மத்திய அரசு 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் மொழித் தாமதமும் செவிக்குறையும் இடம்பெற்றிருக்கின்றன. மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும். வரும்போது "பேச்சு வரவில்லை" என்று நீங்களே சொல்லுங்கள், எடை மட்டும் பார்த்துவிட்டுப் போகவிடாதீர்கள். அங்கிருந்து அனுப்பும் இடம் மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளில் இயங்கும் டி.இ.ஐ.சி. என்ற ஆரம்ப நிலைத் தலையீட்டு மையம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் பலர் போகிறார்கள்.

தனியாரிடம் போனால், பயிற்சியாளர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்தவரா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பது அவமரியாதை இல்லை. மூன்று மாதத்தில் பேச வைக்கிறேன் என்று உறுதி கொடுப்பவரிடம் பணம் கட்டாதீர்கள். பெற்றோரை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி, என்ன நடந்தது என்று சொல்லாமலே அனுப்பும் இடமும் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் குழந்தை எங்களிடம் இருக்கிறது. மீதி நேரமெல்லாம் உங்களிடம்தான்.

முதல் முறை வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

பிரசவ மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை, காது பரிசோதனை எப்போதாவது செய்திருந்தால் அதன் அறிக்கை. குழந்தை சொல்லும் சொற்களை ஒரு தாளில், அது எப்படிச் சொல்கிறதோ அப்படியே எழுதி வாருங்கள். வீட்டில் விளையாடும்போதும் சாப்பிடும்போதும் இரண்டிரண்டு நிமிட வீடியோ எடுத்து வாருங்கள். புது இடத்தில் பல குழந்தைகள் வாயே திறப்பதில்லை. தூக்க நேரத்தையும் பசி நேரத்தையும் விட்டு முற்பகலில் நேரம் கேளுங்கள். அம்மா வேலைக்குப் போகிறவராக இருந்தால், பகலெல்லாம் குழந்தையோடு இருக்கும் பாட்டியையும் அழைத்து வாருங்கள். குழந்தை எந்தச் சத்தம் போட்டு என்ன கேட்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.